மூன்றாவது கம்பத்தடிக் குரல்

திங்கட்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. காலை பத்து மணிக்கெல்லாம் நாரைகள் பேஸ்பால் அணியின் பயணக் கோட்டுகள் முப்பத்திரண்டும் அவற்றின் கால்சட்டைகளோடு இசோபே சலவைக் கடைக்கு வந்துவிடும். ஹருயோ முதலில் செய்வது, ஒவ்வொரு கோட்டாக எடுத்துப் பைகளைக் காலி செய்வது. ஒரே ஒரு பேனா உள்ளே இருந்து மையைக் கக்கினால் அத்தனையும் பாழ். உள்பை, வெளிப்பை, கால்சட்டையின் பின்பை என்று விரலை விட்டுத் துழாவுவாள். ரயில் டிக்கெட்டில் கிழிந்த பாதி வரும், இருமல் மிட்டாய் வரும், யாரோ ஒரு வீரரின் மகளுடைய சிவப்புக் கொண்டை ஊசி வரும். எது வந்தாலும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, அந்தக் கோட்டின் ஹேங்கரிலேயே குத்திவிட வேண்டும். வெறும் மிட்டாய்க் காகிதம் என்றாலும் தூக்கிப் போடக் கூடாது. இது அவள் கணவர் குனியோ போட்ட சட்டம். அதோடு இன்னொன்று: பையிலிருந்து வந்தது மட்டும்தான் உறைக்குள் போகணும். புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட வைக்கக் கூடாது.

"அவங்க நமக்குத் துணியைக் கொடுத்திருக்காங்க. தங்களைக் கொடுக்கல," என்பார்.

இருபத்தாறு வருஷத்தில் ஹருயோ அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினாள்.

நான் அவர்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி மீன் விற்கிறவள். ஆட்டக்களத்தில் குனியோவுக்குப் பின்வரிசை. கடையில் அவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். வாடிக்கையாளர் வந்தால் தலையை ஆட்டி, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, மறுபடி தலையை ஆட்டுவார். அதே மனிதர் இடதுபக்கக் கேலரியில் மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் எழுந்து நின்று குரல் எடுத்தால் துறைமுகத்துப் பாலம் வரைக்கும் போகும்.

அங்கே கூப்பிடுகிறவர் அவர்தான். முதல் இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் களமிறங்கி அவரவர் இடத்துக்கு ஓடுவார்கள். இடதுபக்கம் காக்கிறவர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஆட்டம் அந்தப் பக்கம் நடக்கிறது. அவர் வந்து நின்றதும் குனியோ வலது கையை உயர்த்தி, அவர் பெயரை நீட்டிக் கூப்பிடுவார். பின்னாலேயே கேலரி மொத்தமும் கூப்பிடும். இப்படி மூன்று தடவை. அதற்குள் அந்த வீரர் திரும்பி ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். காட்டியதும் கறிக்கடை மிதானி மேளத்தை இரண்டு தட்டு தட்டுவார். உடனே நடுப்பக்கக் கேலரி தங்கள் ஆளைக் கூப்பிட ஆரம்பிக்கும். பதில் வந்தபிறகு இன்னொரு தடவை கூப்பிடுவது எங்களிடம் கிடையாது. கதவைத் திறந்துவிட்டவர் முகத்துக்கு நேரே மறுபடி கதவைத் தட்டுவோமா?

முன்பு ஹமகுச்சி என்று ஒருவர் பதினாலு வருஷம் இடதுபக்கம் ஆடினார். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பா செத்த மறுநாள்கூடத் திரும்பித் தொப்பியை எடுத்தவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு செனோ வந்தார். செனோவின் பெயர் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகள் மட்டும்தான். எட்டு வருஷம் அமெரிக்காவில் ஆடிவிட்டு, முப்பத்தாறாவது வயதில் எங்கள் அணிக்கு வந்தார்.

வசந்தத்தின் முதல் ஆட்டத்தில் குனியோ கூப்பிட்டார். நாங்களும் கூப்பிட்டோம். செனோ திரும்பவில்லை. இரண்டாவது தடவைக்கு மண்ணைக் காலால் நிரவினார். மூன்றாவது தடவைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மிதானி மேளக் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"காது கேக்கலையோ?" என்றேன்.

"அடிச்ச பந்து எந்தப் பக்கம் வருதுன்னு சத்தத்தை வச்சே ஓடற ஆளுக்குக் காது கேக்காதா?" என்றார் மிதானி. "அந்த ஊர்ல முதுகைக் காட்டிக் காட்டிப் பழகிடுச்சு."

ஏப்ரல் முடிந்தது, மே பாதி தாண்டியது. பதினெட்டு ஆட்டம் எங்கள் களத்தில் நடந்தது. ஒன்றிலும் அவர் திரும்பவில்லை. ஹோம் ரன்கள் அடித்தார். ஓடிப்போய்ப் புல்லில் விழுந்து பந்துகளைப் பிடித்தார். அதற்கெல்லாம் கை தட்டினோம். ஆனாலும் கேலரியில் ஒரு கசப்பு ஏறிக்கொண்டே வந்தது.

"கூப்பிடறதை நிறுத்திடுவோம் அண்ணே," என்றார் மிதானி. "நமக்கென்ன தலையெழுத்தா? இந்த ஆளை விட்டுட்டு நேரா நடுப்பக்கத்தை ஆரம்பிக்கச் சொல்லுவோம்."

குனியோ சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே, "கூப்பிடறது நம்ம வேலை. திரும்பறது அவர் வேலை. அவர் வேலையை அவர் பாக்கலைங்கறதுக்காக நாம நம்ம வேலையை விட்டுட முடியுமா?" என்றார்.

"அப்போ மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா அவருக்கு?"

"வேணும். அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன், மூணு தடவை."

அன்றைக்கே அவர் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. பனியில் கத்தினால் எல்லாருக்கும் வருவதுதான் என்று நினைத்தோம். குனியோவும் இஞ்சித் தண்ணீர் குடித்துப் பார்த்தார். மே கடைசியில் ஹருயோ கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். குரல்வளையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. டாக்டர் ஒரு தாளில் தொண்டையின் படம் வரைந்து, எதை எடுத்துவிடுவார்கள், கழுத்தில் எங்கே துளை வைப்பார்கள், அது வழியாக எப்படி மூச்சு விடுவார் என்று காட்டினாராம்.

"பேச்சு?" என்று ஹருயோ கேட்டிருக்கிறாள்.

"உயிர் இருக்கும்," என்றாராம் டாக்டர்.

ஜூன் பதினேழாம் தேதி புதன்கிழமை அறுவை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் களத்தில் ஒரு ஆட்டம் இருந்தது. அதோடு அணி பத்து நாள் வெளியூர் போகிறது.

நாள் குறித்துவந்த அன்றைக்குக் குனியோவால் கஞ்சிதான் விழுங்க முடிந்தது. பாதியில் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஹமகுச்சியைப் பதினாலு வருஷம் கூப்பிட்டேன். ஒரு நாள்கூடத் திரும்பாம இருந்ததில்ல. கடைசியாக் கூப்பிடப் போறது மட்டும் பதிலே சொல்லாத ஆளை. பாரேன்."

"ஒரு கடுதாசி எழுதிக் கேட்டா என்னங்க? இந்த மாதிரி, உடம்பு முடியல, ஒரு தடவை திரும்புங்கன்னு. அதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேர் வணக்கமா? கண்டக்டர் வந்து எழுப்பிவிட்டு இடம் வாங்கித் தர்ற மாதிரி." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. "நான் கூப்பிடணும். அவருக்கே தானாத் திரும்பணும்னு தோணணும். ஒரே ஒரு தடவை. அதுபோதும் எனக்கு."

இதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான் ஹருயோ. இருபத்தாறு வருஷமாக அவர் கேலரியில் நிற்கும்போதெல்லாம் கடையில் நின்றவள் அவள். யாராவது ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். இஸ்திரி மேசைக்கு மேலே ரேடியோ ஓடும். முதல் இன்னிங்ஸில், அறிவிப்பாளர் பேச்சுக்கு அடியில், அவர் குரல் மூன்று தடவை வரும். அப்புறம் மேளம் இரண்டு தட்டு. வந்து சேர்ந்துவிட்டார், சாப்பாட்டு டப்பாவை ரயிலில் விட்டுவிடவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுப்பாள். அந்த வசந்தத்தில்தான் மூன்று தடவைக்குப் பிறகு மேளம் வராமலே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை குனியோ ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். ஹருயோ பைகளைத் துழாவினாள். செனோவின் கோட்டில் ஒன்றுமே இல்லை. எப்போதும் இருக்காது, அவ்வளவு சுத்தமான மனிதர். அவள் ஒரு காகித உறையை எடுத்து அவர் பெயரை எழுதினாள். கடையின் ரசீதுத் தாளில் எழுதி வைத்திருந்த கடிதத்தை நாலாக மடித்து உள்ளே வைத்தாள்.

"செனோ அவர்களுக்கு. உங்கள் கோட்டை இஸ்திரி போடுகிறவள் நான். இப்படி எழுதுவது தப்பு என்று தெரியும். இடதுபக்கக் கேலரியில் உங்களைக் கூப்பிடுகிறவர் என் கணவர். மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் மஞ்சள் துணியைத் தலையில் கட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்குக் குரல் இருக்காது. அன்றைக்கு மட்டும், நீங்கள் உங்கள் இடத்துக்கு வந்ததும், திரும்பி ஒரு வணக்கம் வைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஒருவர் பதில் சொல்லிவிடுவார் என்று யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவில் விடுமுறை அட்டை தொங்கியது. ஹருயோ கேலரிக்கு வந்தாள். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை வந்ததோடு சரி. சாம்பல் நிற உடையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டருக்குக் காத்திருப்பவள் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு தூரத்துல இருக்கு, அவங்களுக்கு நம்ம முகம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நம்ம முகத்தைப் பாத்து என்ன பண்ணப் போறாங்க? குரல் கேட்டாப் போதும்," என்றேன்.

செய்தி எங்கள் எல்லாருக்கும் தெரியும். மிதானி பொரித்த கறி உருண்டை ஒரு டப்பா கொண்டுவந்து, குனியோவால் விழுங்க முடியாது என்று பாதி தூரம் நீட்டிய பிறகு ஞாபகம் வந்து, எனக்குக் கொடுத்தார்.

குனியோ வாரம் முழுக்கப் பேசவில்லை. கடையில் எல்லாம் தலையாட்டல்தான். மூன்று கூப்பாட்டுக்கு வேண்டிய குரலைச் சேர்த்து வைத்திருந்தார். மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் எழுந்தார். எங்கள் ஆட்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். செனோவும் தலையைக் குனிந்தபடி, பெரிய பெரிய எட்டாக வைத்து, இடதுபக்கம் ஓடிவந்தார். குனியோ கையை உயர்த்தினார். மூச்சை இழுத்தார். அவர் தோள் இரண்டும் ஏறியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

செனோ தன் இடத்துக்கு வந்து நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். கண்ணால் கம்பங்களை எண்ணியிருப்பார் போல. ஒரு கணம் தேடினார். பிறகு மூன்றாவது கம்பத்தை நேராகப் பார்த்து, இடுப்பு வரை குனிந்தார். சும்மா குனிந்து எழவில்லை. துக்க வீட்டில் குனிவதுபோல அப்படியே நின்றார்.

கேலரியில் ஒரு முனகல் ஓடியது. அடுத்த நொடி கைதட்டல். வசந்தத்திலிருந்து காத்திருந்த கைகள். மிதானியின் குச்சி பழக்கத்தில் தானாக இறங்கியது: இரண்டு தட்டு. அதைக் கேட்டதும் நடுப்பக்கக் கேலரி தங்கள் ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

குனியோவின் கை மேலேயே இருந்தது. இழுத்த மூச்சு உள்ளேயே இருந்தது. பிறகு கையை இறக்கி, தலைத்துணியை அவிழ்த்து, செனோ குனிந்த அளவுக்குத் தானும் குனிந்தார். செனோ நிமிர்ந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்தின் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் வந்து குனியோவின் தோளைத் தட்டினார்கள். அழுதவர்களும் இருந்தார்கள். மிதானிக்குத்தான் முதலில் உறைத்தது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"என் கை அண்ணே... நான் தட்டியிருக்கக் கூடாது. நீங்க பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாமே."

"பதில் சொல்லிட்டவரைத் திரும்பக் கூப்பிடறது மரியாதையா?" என்றார் குனியோ. அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஹருயோ கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு நேரம் குனிஞ்சார்," என்று என் முழங்கையைப் பிடித்தாள். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "இவர் எப்போ கூப்பிடுவார்?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். இனிமேல் கூப்பிட மாட்டார், பதில் வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் என் முழங்கையை விட்டுவிட்டாள். அப்புறம் ஆட்டம் முடியும்வரை கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அவள் கேட்டாளாம், "சந்தோஷமாங்க?" என்று.

"நல்லாக் குனிஞ்சார்," என்றாராம் அவர். "யாரும் அப்படிக் குனிஞ்சதில்ல." ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஸ்டேஷன் போனது. "கம்பத்தை எப்படிச் சரியாக் கண்டுபிடிச்சார்னுதான் தெரியல. ஆளுங்க எப்பவும் மொத்தக் கேலரிக்குத்தான் கையைத் தூக்குவாங்க."

புதன்கிழமை காலை, தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் கடைசியாகச் சொன்னது, "பின்பக்க ஷட்டர் பூட்டினியா?" என்பது. அவள் பூட்டினேன் என்றாள். உண்மையில் ஞாபகம் இல்லை.

செனோ நல்ல மனிதர்தான் என்று இப்போது ஊரே சொல்கிறது. வெளியூரிலிருந்து அணி திரும்பிய பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், இடதுபக்கம் வந்ததும் முதல் வேலையாகத் திரும்பி மூன்றாவது கம்பத்துக்கு ஒரு வணக்கம் வைக்கிறார். இப்போது அங்கே மிதானியின் மைத்துனர் நிற்கிறார். வாயைத் திறக்குமுன் வணக்கம் வந்துவிடுகிறது. மேளம் இரண்டு தட்டு, முடிந்தது. இடதுபக்கத்தில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட பிறகு வணக்கம் வையுங்கள் என்று அவ்வளவு பெரிய மனிதரிடம் போய் யார் சொல்வது? அது மரியாதையாக இருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் குனியோ வீட்டுக்கு வந்தார். அதுவரை மூடியிருந்த கடை மறுபடி திறந்தது. கழுத்துத் துளைக்கு மேல் மெல்லிய துணி. பேச வேண்டியதை எழுத ஒரு சின்னப் பலகை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதை அதிகம் தொடவில்லை. ஹருயோவைக் கூப்பிட வேண்டும் என்றால், மர ஹேங்கரால் துணி தொங்கும் கம்பியில் மூன்று தடவை தட்டுவார். அவள் எங்கே இருந்தாலும், கொதிக்கிற தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுக்கூட, ஓடிவந்துவிடுவாள். முகப்பில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவது அவள் வேலையாகிவிட்டது. அதனால் பைகளைக் காலி செய்வது அவர் வேலையானது. இஸ்திரி போட்டபடி அவள் ரேடியோவை வைப்பாள். முதல் இன்னிங்ஸில் வெறும் மேளம் மட்டும் இரண்டு தட்டு கேட்கும். இரண்டு பேரும் நிமிர மாட்டார்கள்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. அறுவைக்குப் பிறகு முதல் தடவையாகக் கோட்டுகள் வந்தன. ஹருயோ ஜன்னல் பக்கம் பார்த்து நின்று நீராவி இஸ்திரியில் ஒரு கல்யாணச் சட்டையின் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவர் ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தார். துணி உரசும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. மடித்த காகிதம் பிரியும் சத்தம் கேட்டது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தைச் செனோ கிழித்துப்போட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள். எப்போதும் பையில் ஒன்றும் வைக்காத மனிதர் அதை மட்டும் உள்பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். மேசை ஓரத்தில் இருந்த கெட்டிலின் பளபளப்பில் குனியோவின் உருவம் கோணலாகத் தெரிந்தது. தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். படித்து முடித்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். பிற்பாடு அவள் அதைப் பார்த்தபோது, 'மூன்றாவது', 'வந்ததும்' என்ற இரண்டு இடத்தில் மட்டும் பென்சிலால் அடிக்கோடு இருந்ததாம், பள்ளிக்கூடப் பாடத்துக்குப் போடுவதுபோல.

குனியோ கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தார். ஒரு காகித உறையில் போட்டார். உறைமேல் செனோவின் பெயரை எழுதி அந்தக் கோட்டின் ஹேங்கரில் குத்தினார். அது பையிலிருந்து வந்தது.

அப்புறம் ஒரு ஹேங்கரை எடுத்துக் கம்பியில் தட்டினார். ஒன்று.

ஹருயோ இஸ்திரியைச் சட்டையின் தோள் பக்கம் நகர்த்தினாள். திரும்பினால் அந்தப் பலகையில் என்ன எழுதுவார்? ஏன் கேட்டாய் என்றா, இல்லை, கூப்பிட்ட பிறகு என்று ஏன் எழுதவில்லை என்றா? முதலாவது என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இரண்டாவதாக இருந்தால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை தட்டினார்.

நீராவி புஸ்ஸென்று எழுந்து ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. அவள் கையைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். திரும்பவில்லை.

மூன்றாவது தட்டு மெதுவாகத்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கழுத்துத் துணிக்கு அடியில் மூச்சு போய்வருகிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஹேங்கரை மறுபடி கம்பியில் மாட்டினார். செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, முன்பக்கம் போனார்.